நகரத்துக் கூரைகளின் சோலார் வரைபடம்: கேள்வி பதில்

ஒரு நகரத்தில் ஏற்கெனவே எங்கெங்கே சோலார் இருக்கிறது, இன்னும் எந்தெந்தக் கூரையில் எவ்வளவு வைக்கலாம் என்பதை வரைபடமாக்குவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மேடம், கட்டட எல்லைக்கோடுகள் முழுசா கையில இருக்கு. மொத்தக் கூரைப் பரப்பை ஒரு கிலோவாட்டுக்கு 5 சதுர மீட்டர்னு வகுத்தா விடை வந்துடாதா?

விடை வரும், ஆனால் மூன்று மடங்கு பெரிதாக வரும். 5 சதுர மீட்டர் என்பது பேனலின் பரப்பு மட்டும்தான். இப்போதைய 550 வாட் பேனல் ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். அந்தக் கணக்கில் கிலோவாட்டுக்கு 4.7 சதுர மீட்டர். கூரையில் அது தரைவிரிப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்காது. 15 டிகிரி சாய்த்தால் பின் விளிம்பு 59 சென்டிமீட்டர் உயரும். சூரியன் 25 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதன் நிழல் 1.27 மீட்டர் நீளும். சூரியன் பேனலின் நேர் திசையிலிருந்து 45 டிகிரி விலகி நின்றால் வரிசைக்கு வரிசை வேண்டிய இடைவெளி 0.9 மீட்டர். நடைவழியையும் சேர்த்தால் தட்டையான கூரையில் கிலோவாட்டுக்கு 8 சதுர மீட்டர் ஆகிவிடும்.

அந்த 8 சதுர மீட்டரும் பயன்படும் இடத்தில் கிடைக்க வேண்டும். 120 சதுர மீட்டர் மொட்டைமாடியில் படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பட்டை எல்லாம் போக 60 சதுர மீட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அங்கே 7.5 கிலோவாட் நிற்கும். உங்கள் வகுத்தல் 24 கிலோவாட் என்று சொல்லும். அந்த எண்ணை நம்பி ஒருவர் திட்டம் போட்டால் பொறுப்பு வரைபடம் போட்டவருடையது.

உயரத் தரவு எது போதும்? இலவசமா கிடைக்கிற 30 மீட்டர் செயற்கைக்கோள் தரவு வச்சு செய்யலாமா?

கூடாது. 30 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று வீடுகள் அடங்கிவிடும். கூரையின் சாய்வும் தெரியாது, தொட்டியின் நிழலும் தெரியாது. மலைகள் சூழ்ந்த நகரமானால் தொலைவில் இருக்கும் மலை காலையும் மாலையும் வெயிலை மறைப்பதைக் கணக்கிட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

கூரைக்கு வேண்டியது விமானத்திலிருந்து எடுத்த லைடார், அதாவது லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பி வருவதைக் கொண்டு உயரத்தை அளந்த புள்ளிகள். சதுர மீட்டருக்கு 4 புள்ளிகளாவது இருந்தால் அரை மீட்டர் ராஸ்டர், அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு மதிப்பு கொண்ட கட்டப்படம், செய்யலாம். முதல் எதிரொலிப் புள்ளிகளைக் கொண்டு செய்த மேற்பரப்பு மாதிரியை, அதாவது டிஎஸ்எம்மை எடுங்கள். கட்டடமும் மரமும் நீக்கப்பட்ட தரை மாதிரியான டிடிஎம்மைத் தவறுதலாக எடுத்தவர்களின் வரைபடத்தில் நகரம் முழுக்க நிழலே இருக்காது. அப்படி ஒரு படம் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லைடார் எந்த மாதத்தில் பறந்து எடுத்தது என்றும் பாருங்கள். இலையுதிர்ந்த காலத்தில் எடுத்திருந்தால் மரங்கள் பாதி காணாமல் போயிருக்கும். கோடை நிழல் கணக்கில் வராது.

ட்ரோன் வச்சு எடுத்தா?

ஒரு வார்டு அளவுக்கு நன்றாகவே வரும். முன்பின்னாக 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பறக்க விடுங்கள். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த தரை அடையாளங்கள்) ஐந்துக்குக் குறையக் கூடாது. ஒரே வண்ணத்தில் பளபளக்கும் தகரக் கூரைகளில் படப் பொருத்தம் தடுமாறி, கூரை அலையலையாக வரும். அவற்றைக் கையால் சரிசெய்ய நேரம் ஒதுக்குங்கள்.

கிராஸ் ஜிஐஎஸ்ல ஆர்.சன் பயன்படுத்தப் போறேன். படிப்படியா சொல்ல முடியுமா அக்கா?

கிராஸ் என்பது இலவச வரைபட மென்பொருள், ஆர்.சன் அதில் கதிர்வீச்சைக் கணக்கிடும் கட்டளை. முதலில் டிஎஸ்எம்மை மீட்டர் அளவு கொண்ட ஆயத்தொலை முறைக்கு மாற்றுங்கள், அவற்றில் ஒன்றான யுடிஎம் போதும். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் விட்டுவிட்டால் கிடைமட்டத் தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கும். பல மென்பொருள்கள் எல்லாக் கூரையையும் 90 டிகிரிக்குப் பக்கத்தில் செங்குத்துச் சுவராகக் காட்டும்.

பிறகு ஆர்.ஸ்லோப்.ஆஸ்பெக்ட் கொண்டு சாய்வும் திசையும். அடுத்து ஆர்.ஹொரைசன், 10 அல்லது 15 டிகிரிக்கு ஒன்றாக அடிவானக் கோணங்கள், அதாவது அந்தத் திசையில் எவ்வளவு உயரம் வரை வானம் மறைகிறது என்பது. இதை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளுக்கும் நிழலைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை, ஓடும் நேரம் வெகுவாகக் குறையும். நகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டுவீர்கள் என்றால், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். 100 மீட்டர் கோபுரத்தின் நிழல், சூரியன் 15 டிகிரியில் இருக்கும்போது 373 மீட்டர் போகும். ஆகவே 400 மீட்டராவது கூடுதல் விளிம்பு வையுங்கள். வைக்காவிட்டால் துண்டின் ஓரக் கூரைகள் எல்லாம் பொய்யாக ஒளிரும்.

ஆர்.சன்னை 365 நாளும் ஓட்ட வேண்டாம். மாதத்துக்கு ஒரு பிரதிநிதி நாள் போதும்: ஜனவரி 17, பிப்ரவரி 16, மார்ச் 16, ஏப்ரல் 15, மே 15, ஜூன் 11, ஜூலை 17, ஆகஸ்ட் 16, செப்டம்பர் 15, அக்டோபர் 15, நவம்பர் 14, டிசம்பர் 10. ஒவ்வொன்றின் விடையையும் அந்த மாதத்தின் நாள்களால் பெருக்கிக் கூட்டுங்கள்.

பலரும் விட்டுவிடும் படி இனிமேல்தான். ஆர்.சன் தானாகத் தருவது மேகமே இல்லாத வானத்தின் கணக்கு. உங்கள் நகரத்தின் உண்மையான மாதாந்திரக் கதிர்வீச்சை குளோபல் சோலார் அட்லஸ், பிவிஜிஐஎஸ் போன்ற இணையத் தரவு மூலத்திலிருந்து எடுங்கள். நிழலே படாத தட்டையான ஒரு பிக்சலின் மாத மதிப்போடு அதை ஒப்பிட்டு, கிடைக்கும் விகிதத்தால் அந்த மாத ராஸ்டரைப் பெருக்குங்கள். நேர்க்கதிருக்கும் சிதறிய ஒளிக்கும் தனித்தனி விகிதம் வைத்தால் இன்னும் நல்லது. மேகமூட்ட மாதங்களில் சிதறிய ஒளியே மிகுதி, அப்போது நிழலால் வரும் இழப்பு சிறிதாகவே இருக்கும். ஒரே விகிதத்தால் பெருக்கினால் நிழலின் பாதிப்பு மிகையாகத் தெரியும்.

எங்க நகரம் வடக்கு அரைக்கோளத்தில இருக்கு. ஆனா மேற்கு பார்த்த கூரைக்குத்தான் அதிக கதிர்வீச்சு வருது, தெற்குக் கூரை பின்தங்கிடுது. என்ன தப்பு?

திசை ராஸ்டரை கியூஜிஐஎஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் செய்து கிராஸுக்குள் கொண்டுபோயிருக்கிறீர்கள். அங்கே திசை வடக்கில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ணப்படும். கிராஸில் கிழக்கில் தொடங்கி எதிர்ச்சுற்று: 90 வடக்கு, 180 மேற்கு, 270 தெற்கு, 360 கிழக்கு. உங்கள் மேற்குக் கூரையின் 270 கிராஸில் தெற்காகப் படிக்கப்படுகிறது. 450இலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள், 360ஐத் தாண்டினால் 360ஐக் கழியுங்கள். சரியாகிவிடும். கிராஸில் 0 என்றால் சாய்வற்ற இடம் என்று பொருள், கிழக்குக்கு 360தான்.

தட்டையான மொட்டைமாடி எல்லாம் புள்ளி புள்ளியா பல நிறத்தில வருது.

லைடாரில் சில சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். அது அரை மீட்டர் பிக்சலில் பொய்ச் சாய்வாகவும் பொய்த் திசையாகவும் மாறுகிறது. 10 டிகிரிக்குக் கீழ் உள்ள பிக்சல்களை எல்லாம் தட்டை என்று எடுத்துக்கொண்டு, அங்கே நீங்கள் வைக்கப்போகும் பேனலின் சாய்வையும் திசையையும் ராஸ்டரில் எழுதிவிடுங்கள். ஆர்.சன் உயரம், சாய்வு, திசை மூன்றையும் தனித்தனி ராஸ்டராக வாங்கிக்கொள்வதால் நிழல் உண்மையான உயரத்திலிருந்தே வரும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நகரங்களில் சாய்வும் திசையும் பெரிய வேறுபாடு தராது. இருந்தாலும் மழை தூசியைக் கழுவிக்கொண்டு போக 10 டிகிரி வையுங்கள்.

கைப்பிடிச் சுவர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர் அரை மீட்டர் பிக்சலில் சரியாகப் பதியாது. ஓரத்தில் செங்குத்தான சாய்வாகக் கலங்கித் தெரியும். கட்டட எல்லைக்கோட்டை உள்பக்கமாக 1 மீட்டர் சுருக்கி, மீதியை மட்டும் கணக்கிடுங்கள். சுவர் 1 மீட்டர், பேனலின் கீழ் விளிம்பு 30 சென்டிமீட்டர் என்றால் 25 டிகிரிச் சூரியனில் 1.5 மீட்டர் வரை நிழல் விழும். அதையும் சுவர் வெயிலை மறைக்கும் பக்கங்களில் கழிக்க வேண்டும்.

கதிர்வீச்சு வந்தாச்சு. அதை எப்படி யூனிட்டா மாத்துறது?

பேனல் தளத்தில் ஆண்டுக்கு விழும் கதிர்வீச்சை (சதுர மீட்டருக்குக் கிலோவாட் மணியில்) நிறுவும் கிலோவாட்டால் பெருக்கி, செயல்திறன் விகிதத்தாலும் பெருக்குங்கள். நாளுக்கு 5 என்றால் ஆண்டுக்கு 1,825. மேலே சொன்ன 7.5 கிலோவாட்டுக்கு, விகிதம் 0.77 என்று வைத்தால், சுமார் 10,500 யூனிட். அந்த 0.77இல் வெப்பம், தூசி, கம்பி, இன்வெர்ட்டர் இழப்புகள் எல்லாம் அடக்கம். பேனல் 60 டிகிரி சூடானால், சோதனை வெப்பநிலையான 25ஐ விட 35 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் 12 விழுக்காடு அதிலேயே போய்விடும். வெப்பத்தை விகிதத்துக்குள்ளும் வைத்து, தனியாக இன்னொரு முறையும் கழித்துவிடாதீர்கள். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

நிழலில் ஒரு நுணுக்கம். ஒரு பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் (நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்தை விடுபவை) இருக்கும். ஒரே ஒரு செல்லில் அடர்ந்த நிழல் விழுந்தாலும் பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். பிக்சல் சராசரி இதைக் காட்டாது. நிழலே இல்லாத நிலையில் வரக்கூடிய ஆண்டுக் கதிர்வீச்சில் 80 விழுக்காட்டுக்குக் கீழே வரும் பிக்சல்களை நான் பயன்படும் பரப்பில் சேர்ப்பதே இல்லை.

சாய்வான ஓட்டுக் கூரைக்குப் பரப்பு எப்படி எடுக்கணும்?

மேலிருந்து பார்க்கும் பரப்பை சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுக்கணும். 30 டிகிரிக்கு 15 விழுக்காடு கூடும். இங்கே வரிசை இடைவெளி வேண்டாம், பேனல் கூரையோடு ஒட்டியே நிற்கும்.

எங்க ஊர்ல லைடார் இல்ல, ட்ரோனுக்கு அனுமதியும் கிடைக்காது.

மாதிரிக் கணக்கெடுப்பு செய்யுங்கள். கட்டடங்களைத் தனி வீடு, அடுக்ககம், தொழிற்கூடம், பள்ளி என்று வகை பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் 30 முதல் 50 கூரைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, தெளிவான வான்படத்தில் பேனல் வைக்கக்கூடிய இடத்தைக் கையால் வரையுங்கள். பயன்படும் பங்கு வகைக்கு வகை எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். அந்தப் பங்கால் வகையின் மொத்தப் பரப்பைப் பெருக்கி, ஒரே எண்ணாகச் சொல்லாமல் கீழெல்லை, மேலெல்லையோடு சொல்லுங்கள். நகர அளவு முடிவுகளுக்கு இது நம்பத்தக்கது. ஒரு தனி வீட்டைச் சுட்டி "இங்கே இவ்வளவு" என்று மட்டும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே இருக்கிற சோலாரைப் படத்தில கண்டுபிடிக்கிறோம். வெந்நீர் சோலாரும் மின்சார சோலாரும் குழம்புது.

வெந்நீர்க் கருவியில் மேல் விளிம்பில் உருளைத் தொட்டி இருக்கும், நிழலோடு வெள்ளையாகத் தெரியும். கண்ணாடிக் குழாய் வகையானால் நெருக்கமான கோடுகள் தெரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு செவ்வகங்களோடு நின்றுவிடும். மின்சாரப் பேனல் ஒரே அளவுச் செவ்வகங்களாக வரிசை கட்டும். வானொளிக் கண்ணாடியும் நீலத் தார்ப்பாயும்கூட ஏமாற்றும்.

30 சென்டிமீட்டர் படத்தில் ஒரு பேனல் சுமார் 29 பிக்சல். 6 பேனல் கொண்ட சிறு அமைப்பே 170 பிக்சல் வரும், கண்ணுக்குத் தெரியும். 10 மீட்டர் சென்டினல் செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பயனில்லை.

எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியும்போது 'பவர்' குறிச்சொல்லுக்கு 'ஜெனரேட்டர்', மூலத்துக்கு 'சோலார்', இடத்துக்கு 'ரூஃப்' என்பதோடு நிறுத்தாதீர்கள். முறை என்ற இடத்தில் மின்சாரத்துக்கு 'ஃபோட்டோவோல்டாயிக்', வெந்நீருக்கு 'தெர்மல்' என்று கட்டாயம் இடுங்கள். பேனல் எண்ணிக்கைக்கும் தனிக் குறிச்சொல் உண்டு. கிலோவாட்டை ஊகித்து எழுதுவதைவிட எண்ணி எழுதிய பேனல் தொகை நெடுநாள் பயன்படும்.

நாங்க படத்திலிருந்து கூட்டின கிலோவாட்டும் மின்வாரியப் பதிவேடும் ஒத்துப்போகல.

பதிவேடு இன்வெர்ட்டரின் ஏசி அளவையா பேனலின் டிசி அளவையா சொல்கிறது என்று கேளுங்கள். இன்வெர்ட்டரைவிடப் பேனல் 20 விழுக்காடு கூடுதலாக வைப்பது வழக்கமான வடிவமைப்புதான். அடுத்து வயது. 2010 வாக்கில் வந்த பேனல்கள் சதுர மீட்டருக்கு 140, 150 வாட்தான் தந்தன, இப்போது 210க்கு மேல். எல்லாவற்றுக்கும் புது மதிப்பை இட்டால் பழைய அமைப்புகள் ஊதிப்போகும். பழைய தேதிப் படங்களைப் பார்த்து எந்த ஆண்டில் தோன்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகவரியை இடமாக மாற்றும்போது புள்ளி தெருவில் விழுந்து பக்கத்துக் கட்டடத்தோடு சேர்ந்துவிடுவதும் உண்டு.

கட்டடம் கட்டடமா பொதுவில் வெளியிடலாமா?

வாய்ப்பை வெளியிடலாம், மூன்று நான்கு தரங்களாக. உரிமையாளர் பெயர், இணைப்பு எண், பயன்பாட்டு அளவு எதுவும் அதில் போகக் கூடாது. லைடார் எடுத்த ஆண்டு ஒவ்வொரு கட்டடத்தின் குறிப்பிலும் தெரியட்டும். பிறகு பக்கத்தில் எழுந்த மாடி அதில் இல்லை. இது தொழில்நுட்ப வாய்ப்பு மட்டும் என்றும் எழுதுங்கள். பேனல் மட்டுமே சதுர மீட்டருக்கு 11 கிலோ, சட்டமும் பாரக்கற்களும் சேர்ந்தால் இன்னும் கூடும். கூரை தாங்குமா, காற்று தூக்குமா, அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் இவ்வளவையும் ஏற்குமா என்பதற்கு வரைபடத்தில் பதில் கிடையாது.

கடைசியா, நம்ம கணக்கு சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஓடிக்கொண்டிருக்கும் 15, 20 அமைப்புகளின் ஓராண்டு மாதாந்திர இன்வெர்ட்டர் பதிவுகளை, உரிமையாளர் இசைவோடு வாங்குங்கள். உங்கள் மாத மதிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மதிப்புகள் எல்லாமே ஒரே அளவில் கூடியிருந்தால் செயல்திறன் விகிதத்தைக் குறையுங்கள். மேகமூட்ட மாதங்கள் மட்டும் கூடியிருந்தால் மேகத்துக்காகப் பெருக்கிய விகிதத்தில் கோளாறு. ஓரிரு கூரைகள் மட்டும் தவறினால் அந்தக் கூரையின் டிஎஸ்எம்மைத் திறந்து, எல்லைக்கோடு இரண்டு மீட்டர் நகர்ந்து நிற்கிறதா, பக்கத்து மரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.