ஹெபடைட்டிஸ் பி இருக்கும் தாய் பால் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். ஏழாம் மாதம் நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். பால் வழியாகக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், பிறந்ததிலிருந்தே பவுடர் பால் கொடுத்துவிடலாம் என்கிறார் என் மாமியார். எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பால் கொடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலில் தொடங்குங்கள். தடுப்பூசி போட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை.

உங்கள் மாமியாரின் பயம் புரிகிறது. ஹெபடைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ், பாலில் அதன் சுவடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது குழந்தையைத் தொற்றுகிறதா என்பதுதான் கேள்வி. தடுப்பூசியே வந்திராத காலத்தில், 1975-இல், தைவானில் இதைப் பார்த்தார்கள். தொற்று உள்ள தாய்மாரின் குழந்தைகளில் தாய்ப்பால் குடித்தவர்களுக்கும் புட்டிப்பால் குடித்தவர்களுக்கும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அதாவது, பாலை நிறுத்தியதால் யாரும் தப்பவில்லை. தடுப்பூசி கிடைக்காத இடத்தில்கூடத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அப்படியானால் தொற்று எப்போது வருகிறது? பெரும்பாலும் பிரசவத்தின்போது. குழந்தை வெளியே வரும் வழியெங்கும் தாயின் ரத்தமும் நீரும்தான். அந்த நேரத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். பல வருடம் கழித்து அது கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டலாம். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். உங்களுக்கே இது பிறந்தபோது வந்திருக்கலாம். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே உங்கள் கவலை முழுவதையும் குழந்தை பிறந்த முதல் 12 மணி நேரத்தின் மேல் வையுங்கள். அதற்குள் இரண்டு ஊசிகள் போட வேண்டும். ஒரு தொடையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி குழந்தையின் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கக் கற்றுக்கொடுக்கும், ஆனால் அதற்கு நாளாகும். இம்யூனோகுளோபுலின் என்பது தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தி, போட்டதுமே காவலுக்கு நின்றுவிடும். ஊசி போடுவதற்கு முன் குழந்தையின் தோலில் ரத்தம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

தடுப்பூசி எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படி இல்லை. விலை அதிகம், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி எடுத்து, குழந்தை பிறந்த பிறகு அப்பா ஊரெல்லாம் தேடி அலையும் நிலைமை வரக்கூடாது. பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் இப்போதே கேளுங்கள்: "ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் இருப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் எப்போது வரவழைத்து வைப்பீர்கள்?" 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்கள் கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்தில் 'ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்' என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் இருப்பவர் உங்களை முதல்முறை பார்ப்பவராகக்கூட இருக்கலாம்.

அப்புறம், வைரல் லோடு பரிசோதனை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் IU-க்கு (பரிசோதனை முடிவில் இருக்கும் அளவு அலகு) மேல் இருந்தால், 28-ஆம் வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். அளவு மிக அதிகமாக இருக்கும்போது ஊசிகள் மட்டும் சில குழந்தைகளுக்குப் போதாமல் போகிறது, அதனால்தான் இது. ஏழாம் மாதம் என்கிறீர்கள், சரியான நேரம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம், பாலில் வருவது மிக மிகக் கொஞ்சம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

பால் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது காம்பில் வெடிப்பு. பெரும்பாலும் குழந்தை காம்பு நுனியை மட்டும் கவ்வுவதால்தான் புண்ணாகும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போகும்படி, தாடை மார்பில் படும்படி அணைத்துப் பிடியுங்கள். வலித்தால் இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் மெல்ல நுழைத்து விடுவித்துவிட்டு, மறுபடி பிடிக்க வையுங்கள். ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபக்கம் கொடுங்கள். ஊசிகள் போட்ட குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு, ஒரு தடவை கவனிக்காமல் கொடுத்துவிட்டாலும் பதறாதீர்கள்.

6, 10, 14-ஆம் வாரங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசியில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்தும் அடக்கம். ஒன்றையும் விடக்கூடாது. 9 மாதம் முடிந்ததும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்று இரண்டையும் உறுதிசெய்ய வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் போட்ட ஊசிகளே முடிவைக் குழப்பிவிடும்.

குழந்தைக்கு ஓடுகிற ஓட்டத்தில் உங்களை மறந்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்குக் கல்லீரல் வீக்கம் கூடுவதுண்டு, மாத்திரையை நிறுத்தும்போது குறிப்பாக. சொல்லும் தேதியில் கல்லீரல் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். கணவரும் ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். உங்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள். பேரக்குழந்தையின் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார், மருத்துவரிடமே அவர் நேராகக் கேட்டுக்கொள்ளட்டும்.