அடி வாங்கும் தகடு: ஸ்கிட் பிளேட் பற்றி வாசகர் கேள்விகள்

பைக் என்ஜினின் அடிப்பாகத்தைக் காக்க, கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்கிட் பிளேட் ஏற்கெனவே இருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது பிளாஸ்டிக்காகவோ 1.5 முதல் 2 மிமீ அலுமினியமாகவோ இருக்கும். முன் டயர் வாரி இறைக்கும் கல்லைத் தடுப்பதற்காக வைத்தது அது. தார்ச்சாலையும் ஜல்லிச்சாலையும் போதும் என்பவர்களுக்கு அதுவே போதும். காசைச் செலவழிக்க வேண்டாம்.

பைக்கின் வயிறு தரையில் உரசும் இடங்களுக்குப் போகிறவர் என்றால் கணக்கு வேறு. பாறை ஏறுவது, விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுவது, பள்ளத்தின் விளிம்பில் இறங்குவது எல்லாவற்றிலும் பைக்கின் மொத்த எடையும் சில நொடிகள் அந்தத் தகட்டின் மேல்தான் நிற்கும். பைக்குக்கு முன்னால் தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். ஆயில் ஃபில்டர், சைலன்சர் பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் குழாய்), கூலன்ட் ஹோஸ், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் இவற்றில் எது கண்ணில் படுகிறதோ அது அடிபடும் இடம். பல என்ஜின்களில் ஆயில் ஃபில்டர் முன்பக்கமே துருத்திக்கொண்டு இருக்கும். அதன் டப்பா வெறும் மெல்லிய தகரம். அது கிழிந்தால் ஆயில் முழுவதும் நிமிடங்களில் வெளியேறிவிடும்.

அலுமினியமா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? தடிமன் எவ்வளவு?

40 செமீ அகலமும் 60 செமீ நீளமும் உள்ள ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். 4 மிமீ அலுமினியத்தில் அது சுமார் 2.6 கிலோ வரும். 2 மிமீ ஸ்டீலில் 3.8 கிலோ. 10 மிமீ எச்டிபிஇ எனும் கடினமான பிளாஸ்டிக்கில் 2.3 கிலோ.

மெல்லிசான ஸ்டீல் தடிமனான அலுமினியத்தைவிட வலுவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளையாமல் நிற்பதில் அப்படி இல்லை. தடிமன் இரண்டு மடங்கானால் தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகும். ஸ்டீல் இயல்பாகவே அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விறைப்பானது என்றாலும், 2 மிமீ ஸ்டீலைவிட 4 மிமீ அலுமினியம் இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கும், எடையும் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். 3 மிமீயிலிருந்து 4 மிமீக்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது, விறைப்போ இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அதனால் 200 கிலோவுக்கு மேற்பட்ட பைக்குக்கு 4 மிமீ அலுமினியமே எங்கள் பரிந்துரை. 6 மிமீ வேண்டும் என்று கேட்பவர்கள், அந்தக் கூடுதல் எடை முழுவதும் முன்சக்கரத்துக்குப் பின்னால் வந்து உட்காரும் என்பதையும், கீழே இருக்கும் போல்ட்டுகள் அதே பழைய போல்ட்டுகள்தான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஸ்டீலுக்கு வேறொரு பலம் உண்டு. அது சீக்கிரம் தேயாது. கூரான பாறை அலுமினியத்தில் கடித்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். ஸ்டீல் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்குவதில் இரண்டையும் மிஞ்சுவது பிளாஸ்டிக். அடி வாங்கினால் உள்வாங்கித் திரும்பப் பழைய வடிவத்துக்கே வந்துவிடும், சத்தமும் குறைவு. காட்டுவழிப் பந்தயத்துக்கான எண்டியூரோ பைக்குகளில் அதை விரும்பிப் போடுவது இதற்காகத்தான். அதன் எதிரி சூடு. 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் எச்டிபிஇ உருகத் தொடங்கும். பெண்ட் பைப் என்ஜினுக்கு அடியில் ஓடும் பைக்குகளில் இடையே வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் பொருத்தக் கூடாது. பிளாஸ்டிக் சூட்டில் நீளவும் செய்யும். 60 செமீ நீளத்துக்கு 40 டிகிரி ஏறினால் சுமார் 3 மிமீ கூடும். ஆகவே அதன் ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். வட்ட ஓட்டையில் இறுக்கி வைத்தால் தகடு அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும்.

கார்பன் ஃபைபர் பந்தயத்துக்கு ஆகும். அது வளையாது, உடையும்.

விலை கூடிய பிளேட்டுக்கும் குறைந்ததுக்கும் தகட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே. எதைப் பார்த்து வாங்குவது?

தகட்டைத் திருப்பிப் போட்டு, அது எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடி பெரும்பாலும் முன்னாலிருந்தும் கீழிருந்தும் வருகிறது, தகட்டைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் தள்ளுகிறது. நல்ல அமைப்பில் தகட்டின் உட்புறம் ஃப்ரேம் குழாயில் சாய்ந்து நிற்கும். விசை குழாய்க்குப் போய்விடும், போல்ட்டுக்குத் தகடு கீழே விழாமல் பிடிக்கும் வேலை மட்டும்தான். மோசமான அமைப்பில் நான்கு சின்ன எம்6 (6 மிமீ விட்டமுள்ள) போல்ட்டுகளே மொத்த அடியையும் தாங்க வேண்டும். முதல் பெரிய பாறையில் அவை அறுந்துவிடும், இல்லாவிட்டால் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

யமஹா டெனெரே 700 போல என்ஜினுக்கு அடியில் தொட்டில்போல் குழாய்கள் ஓடும் கிரேடில் ஃப்ரேம் உள்ள பைக்குகளில் இது சுலபம். குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், நடுவே ஒரு குறுக்குச் சட்டம், அதில் போல்ட், அவ்வளவுதான். சிக்கல் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ், கேடிஎம் 790 அட்வென்ச்சர் மாதிரியான பைக்குகளில் வருகிறது. அவற்றில் என்ஜினே ஃப்ரேமின் ஒரு பகுதி, அதனடியில் குழாயே கிடையாது. பிளேட் எப்படியும் என்ஜினில்தான் தொங்க வேண்டும். அப்படிப்பட்ட பைக்குக்கு வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிராக்கெட் என்ஜின் மவுண்டிங் போல்ட் இருக்கும் தடித்த இடங்களைப் பிடிக்கிறதா, என்ஜினடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் மெல்லிய மூடியைப் பிடிக்கிறதா? விசை குறைந்தது நான்கு இடங்களுக்குப் பிரிகிறதா? பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் புஷ் இருக்கிறதா?

"போல்ட்டை 12.9 கிரேடுக்கு மாற்றிவிட்டேன், இனி அறுந்துபோகாது" என்று எழுதியிருக்கிறார் இன்னொரு வாசகர். கிரேடு எண் கூடக் கூடப் போல்ட் வலுவானது. என்ஜினில் மாட்டும் பிளேட்டில் இதைச் செய்யாதீர்கள். போல்ட் அறுந்தால் போனது ஒரு போல்ட். அது அறுந்துபோகாமல் நின்றால் அடுத்துப் பெயர்வது அலுமினிய என்ஜின் கேஸில் போல்ட் மாட்டும் காது. 8.8 கிரேடு போதும்.

கிராஷ் கார்டும் ஸ்கிட் பிளேட்டும் ஒரே போல்ட்டில் வருகின்றன. நீளமான போல்ட் போட்டால் போதுமா?

போதும், ஆனால் அளந்து போடுங்கள். என்ஜினில் இருக்கும் பல ஓட்டைகள் மறுபக்கம் திறக்காதவை. நீளம் அதிகமான போல்ட் அடியில் போய் முட்டும். கை இறுகிவிட்டதாக உணரும், பிராக்கெட்டோ தளர்வாகவே இருக்கும். இன்னும் முறுக்கினால் மரை போய்விடும் அல்லது கேஸில் விரிசல் விழும். வெர்னியர் காலிப்பரின் பின்பக்க ஊசியை விட்டு ஓட்டையின் ஆழத்தைப் பாருங்கள். போல்ட் அலுமினியத்துக்குள் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் போக வேண்டும், எம்8க்கு 12 முதல் 16 மிமீ. அடியில் 2 மிமீயாவது மிச்சம் இருக்கட்டும்.

இறுக்கும் அளவுக்கு முதலில் பைக்கின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் எம்6க்கு 10, எம்8க்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். போல்ட் தளராமல் இருக்க மரையில் விடும் பசையான லாக்டைட்டில் நீல நிற மீடியம் இரண்டு சொட்டு போதும். சிவப்பு நிறத்தைப் போட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஹீட் கன்னைத் தேட வேண்டியிருக்கும்.

போல்ட் தலை தகட்டின் மட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைப் பாறை உரசி உரசித் தேய்த்துவிடும், பிறகு எந்த ஆலன் கீயும் அதில் பிடிக்காது.

பிளேட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையுமே?

குறையும், 15 முதல் 20 மிமீ வரை. தகடு 4 மிமீதான். மீதி முழுவதும் தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே விடும் இடைவெளி. அந்த இடைவெளியைக் குறைத்துக் கிளியரன்ஸை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தகடு அடிபடும்போது உள்ளே வளையத்தான் செய்யும், வளைய 10 மிமீ இடமாவது வேண்டும். என்ஜினை ஒட்டி உட்கார்ந்திருக்கும் தகடு அடியை நேராகக் கேஸுக்குக் கடத்திவிடும். விரல் நுழைகிறதா என்று எல்லா இடத்திலும் பாருங்கள், முக்கியமாக ட்ரெயின் போல்ட் தலைக்கு நேர் கீழே.

இழந்த உயரத்தைச் சஸ்பென்ஷனில் மீட்கலாம். லக்கேஜும் ஆளும் ஏறிய பிறகு பின் சஸ்பென்ஷன் அதன் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்தாலே பிளேட் தின்ற உயரத்தைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்கலாம்.

இதோடு, பலரும் சோதிக்காமல் விடும் ஒன்று: ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது முன் டயரோ மட்கார்டோ பிளேட்டின் மூக்கில் இடிக்கிறதா? ராட்செட் பட்டையால் ஃபோர்க்கை இழுத்து அமுக்கிப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, கரடுமுரடான வழியில் ஓட்டிவிட்டு வந்து, இன்னும் எவ்வளவு பயணம் மிச்சம் என்று அளந்து கணக்கிடுங்கள். முழுவதும் அமுங்கிய நிலையிலும் 20 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். ஓடும்போது டயர் பிளேட்டில் மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பிளேட் போட்டதிலிருந்து என்ஜின் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கிறது. சூடும் கூடுமா?

டேப்பெட், செயின் சத்தமெல்லாம் முன்பு கீழே போய்க்கொண்டிருந்தது. இப்போது பறையில் பட்டதுபோல் தகட்டில் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது. என்ஜினில் கோளாறு ஒன்றுமில்லை. பிராக்கெட்டில் ரப்பர் புஷ் இல்லையென்றால் போடுங்கள். சத்தத்தைக் குறைக்கக் காருக்கு ஒட்டும் பியூட்டைல் ஷீட்டைத் தகட்டின் உட்புறம் நடுவில் மட்டும் ஒட்டலாம். ஸ்பாஞ்ச் வேண்டாம். அது ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பெண்ட் பைப்புக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பது நெருப்புக்கு விறகு வைப்பது.

லிக்விட் கூல்டு என்ஜினில் சூட்டில் பெரிய மாற்றம் தெரியாது, ரேடியேட்டர் மேலே இருக்கிறது. ஏர் கூல்டு, ஆயில் கூல்டு என்ஜின்களில் பிளேட்டின் முன்பக்கம் காற்று நுழைய வழி வேண்டும். எல்லா பைக்குகளிலும் உண்மையான தொல்லை சேறுதான். அது உள்ளே தங்கி, காய்ந்து, என்ஜினைப் போர்த்திவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் 10 மிமீ அளவில் நான்கைந்து ஓட்டைகள் இருக்க வேண்டும். காய்ந்த புல்வெளியில் ஓட்டிய பிறகு உள்ளே சிக்கிய புல்லைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள், பெண்ட் பைப்பில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஆயில் மாற்ற ஓட்டை இருக்கும் பிளேட் நல்லதா?

வசதிதான். ஆனால் ஆயில் நேராக ஓட்டையில் விழாது, பாதி தகட்டின் உள்ளே பரவும். கழற்றி மாற்றுவதே மேல். நான்கு போல்ட்டைக் கழற்றினால் விரிசலும் கசிவும் தானாகக் கண்ணில் படும்.

லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், தகட்டின் ரகத்தைச் சரியாகக் கேட்டு வாங்கினால். வளைத்துச் செய்வதற்கு ஏற்ற அலுமினிய ரகம் 5052 எச்32. 6061 டி6 அதைவிட வலுவானது என்று கேட்டுவிட்டுப் பலரும் அதையே வாங்குகிறார்கள். அது இறுக்கமாக வளைத்தால் மடிப்பில் விரிசல் விடும், வெல்டிங் வைத்தால் பற்றுக்குப் பக்கத்தில் பாதி வலுவை இழந்துவிடும். 5052ஐத் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு உள் ஆரத்தில், அதாவது 4 மிமீக்கு 6 மிமீ ஆரத்தில், பயமில்லாமல் மடிக்கலாம். தகடு உருட்டப்பட்ட கோடுகள் மேற்பரப்பில் தெரியும். மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வர வேண்டும்.

முதலில் அட்டையில் வெட்டிப் பைக்கில் மாட்டிப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட், கியர் லீவர், பிரேக் பெடல் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்த பிறகு தகட்டை வெட்டட்டும். இரண்டு பக்கமும் வாட்டர் பம்ப், கிளட்ச் கவர் ஆகியவற்றின் அடிப்பாகத்தை மறைக்கும் அளவுக்கு மேலே மடிய வேண்டும். பின்விளிம்பையும் மேல்நோக்கி வளைக்கச் சொல்லுங்கள். நேராக வெட்டிய விளிம்பு, மரத்தின் மேலிருந்து வண்டி பின்னால் சறுக்கும்போது கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும்.

பலமாக அடி வாங்கிவிட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நின்ற இடத்திலேயே முதலில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு இடைவெளிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தகடு என்ஜினைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதே நிலையில் ஓட்டும்போது அடுத்த சின்ன அடியும் கேஸில் விழும். அங்கேயே கழற்றி மரக்கட்டை மேல் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். 5052 இரண்டு மூன்று முறை தாங்கும்.

வீட்டில் கழற்றியதும் போல்ட் ஓட்டைகள் நீண்டிருக்கின்றனவா, மடிப்பில் முடிபோன்ற விரிசல் இருக்கிறதா, பிராக்கெட் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் முடியும் நுனியில் 3 மிமீ ஓட்டை போட்டால் அது சட்டென்று மேலும் ஓடாது, அடுத்த பிளேட் வரும்வரை தாக்குப்பிடிக்கும். வளைந்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள். புதிதாக மாட்டியவர்கள் முதல் 100 கிமீ முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். ரப்பர் புஷ் அமுங்கி உட்கார்ந்ததும் இறுக்கம் குறையும். லாக்டைட் காய்ந்த போல்ட் தளர்ந்திருந்தால் அப்படியே மேலும் முறுக்காமல், கழற்றித் துடைத்துப் புதிதாகச் சொட்டு விட்டு மாட்டுங்கள்.