கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால்

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம், எடை 6 கிலோ. காய்ச்சலுக்கு டாக்டர் பாராசிட்டமால் சொட்டு மருந்து 0.9 மி.லி. எழுதினார். மெடிக்கலில் அது இல்லையென்று சிரப் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான், அதே அளவு ஊத்துங்க" என்றார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கூட்டிக் கொடுக்கலாமா?

பதில்: கண்ணளவில் கூட்டாதீர்கள். முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்து ஒன்றுதான், கெட்டி வேறு. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பிலோ 5 மி.லி.க்கு 120 அல்லது 250. டாக்டர் கணக்குப் போட்டது 90 மி.கி.; 120 சிரப்பாக இருந்தால் கிட்டத்தட்ட கால்வாசிதான் உள்ளே போயிருக்கிறது, அப்புறம் காய்ச்சல் எப்படி இறங்கும்? டாக்டருக்கு போன் போட்டு, பாட்டிலில் இருக்கும் எண்ணைப் படித்துக் காட்டி அளவு கேளுங்கள்.

இதாவது பரவாயில்லை. நான் பயப்படுவது இதற்கு நேர்மாறானதற்கு. 120 சிரப்பில் அந்த 90 மி.கி.க்கு 3.75 மி.லி. ஆகும்; அப்படிக் கொடுத்துப் பழகிய கை அடுத்த முறை சொட்டு மருந்திலும் அதையே ஊற்றினால் நான்கு மடங்கு, அதையும் வேளாவேளைக்குக் கொடுத்தால் ஈரல் கெடும். கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட அந்த எண்ணை மட்டும் எறும்பு அளவில், அதுவும் ஆங்கிலத்தில். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து எடுத்துத் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்கும், மருந்தை எடுத்துத் தருவது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்.

அந்தப் பையன் "சளிக்கும் சேர்த்து இதையும் குடுங்க" என்று இன்னொரு பாட்டில் நீட்டினால் வாங்காதீர்கள். பல சளி மருந்துகளில் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் இரட்டை அளவு போய்விடும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. கடை வரைக்கும் அது வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை.

அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் போதும், சமையல் கரண்டி வேண்டாம். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

ஒரு விஷயம், உங்கள் மகளுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். ராத்திரி 2 மணி என்றாலும் சரி, நன்றாகப் பால் குடிக்கிறது என்றாலும் சரி. 6, 10 வாரத் தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் வருவது சகஜம், உண்மைதான். அந்தச் சகஜத்தை நம்பித்தான், ஊசி போட்டு நாலு நாள் கழித்து வந்த காய்ச்சலையும் "ஊசிக் காய்ச்சல்" என்று பாட்டிமார் சொல்ல, வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டுவருகிறார்கள். ஊசிக் காய்ச்சல்தானா என்று முடிவு செய்ய வேண்டியது டாக்டர்.

உங்கள் மகள் பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ போன் வேண்டாம், கிளம்பிவிடுங்கள். போகும்போது அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.