சீரியல் தாமதமாகத் தொடங்கினால் வழக்குப் போடலாமா?

கேள்வி: மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஒரு தமிழ் சேனலில் இரவு 9 மணித் தொடர் பெரும்பாலும் 9.10-க்குத்தான் தொடங்குகிறது. செட்டாப் பாக்ஸில் பதிவு போட்டால் கடைசிக் காட்சி விடுபடுகிறது. கேபிள்காரர், ‘சேனல்ல கேளுங்க’ என்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: தாமதம் ஒன்றை மட்டும் காட்டி வழக்குப் போட்டால் நிற்பது கடினம். அறிவித்த நேரத்தில் நிகழ்ச்சி தொடங்கியாக வேண்டும் என்று கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி நெறியிலும் இல்லை, விளம்பர நெறியிலும் இல்லை. நீங்கள் கட்டும் கட்டணமும் சேனல் தெரிவதற்குத்தான்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று பாருங்கள். மாலையிலிருந்து ஒவ்வொரு விளம்பர இடைவேளையும் சிறிது நீண்டாலே 9 மணிக்குள் அது சேர்ந்துவிடும். கேபிள் டிவி விதிகள் 1994-ன் விதி 7(11)-படி ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வணிக விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த விளம்பரம் 2 நிமிடம். அடுத்த வாரத் தொடருக்கான புரோமோவும் இந்த 2 நிமிடத்தில்தான் அடங்கும். ஆகவே புகாரில் தாமதத்தைவிட விளம்பர அளவை முன்னால் வையுங்கள்.

அதற்குக் கணக்கு வேண்டும். 8 முதல் 9 வரை, 9 முதல் 10 வரை என்று ஒவ்வொரு இடைவேளையும் தொடங்கிய, முடிந்த நேரத்தை நொடியோடு எழுதுங்கள். ஒரு நாள் கணக்கை ‘அன்று மட்டும் அப்படி’ என்று தள்ளிவிடுவார்கள். ஒரு வாரக் கணக்கு எடுங்கள். டிவி திரையும் கடிகாரமும் ஒன்றாகத் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்து, வெட்டாமல் மூலக் கோப்பையே வைத்திருங்கள். பின்னால் வழக்கு வந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் பிரிவு 63(4) கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். சேனல் தன் ஒளிபரப்புப் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் புகார் போய்ச் சேரட்டும்.

புகாரை எழுத்தில், சேனலின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். அவர் விவரம் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். கேபிள் டிவி விதிகளில் 2021-ல் வந்த திருத்தத்தின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், அடுத்த 15 நாளுக்குள் சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு (சேனல்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பு) மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மத்திய அரசு.

உடனே தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 12 நிமிட வரம்பை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமல்படுத்த முனைந்தபோது சேனல்கள் 2013-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சென்று, கடும் நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை வாங்கின. ஆனாலும் எழுத்தில் பதில் வாங்குவது உங்கள் உரிமை. அந்தப் பதில்தான் அடுத்த கட்டத்துக்கு ஆவணம்.

நீங்கள் கேட்ட நுகர்வோர் நீதிமன்றம், அதாவது நுகர்வோர் ஆணையம், உங்களுக்கு உதவும் இடம் வேறு: பணம் கட்டிய சேனல் வராமலே போவது, நேரலை என்று சொல்லி விற்றுவிட்டு ஒளிபரப்பாதது. அப்போது கேபிள் ஆபரேட்டரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் உங்கள் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீதுகளும் புகார் எண்ணும் இல்லாமல் போகாதீர்கள்.

பதிவுப் பிரச்சினைக்கு: பாக்ஸ், சேனல் முன்கூட்டியே தந்த அட்டவணையை நம்பித்தான் பதிவை நிறுத்துகிறது. முடியும் நேரத்தை 20 நிமிடம் தள்ளிக் கைமுறையாகப் போடுங்கள்.