நத்தார் மரத்துப் பூச்சி தென்னைக்குத் தாவுமா?

கேள்வி: பரந்தனில் எங்கள் வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் நத்தார் மரத்தின் கிளைகளில் பஞ்சு போன்ற வெள்ளைப் புள்ளிகள் பிடித்துள்ளன. இலைகளில் பிசுபிசுப்பும் கறுப்பும் உண்டு. வளவிலுள்ள தென்னை, பப்பாசி, தேசி எல்லாவற்றுக்கும் பரவும் என்று கூறி, கிருமிநாசினிக் கடைக்காரர் மூன்று போத்தல் மருந்து தந்து, மரத்தின் தலைப்பையும் வெட்டச் சொல்கிறார். வெட்டலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். தென்னைக்கு மருந்தடிக்கவும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில், ஊசியிலைகள் தண்டோடு சேரும் இடுக்குகளில், அரிசிக் குறுணியளவான, முட்டை வடிவ வெள்ளை உறைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. இவை எரியோகொக்கஸ் அரௌகேரியே என்று 1879இல் நியூசிலாந்து ஆய்வாளர் மஸ்கெல் பெயரிட்ட செதிற்பூச்சியின் (செடியில் ஒட்டிச் சாறுறிஞ்சும் சிறு பூச்சி) உறைகளை ஒத்திருக்கின்றன. பெண் பூச்சி அந்த உறைக்குள்ளே மறைந்திருந்து முட்டையிடும். நீங்கள் நத்தார் மரம் என்று வாங்கியது நோர்போக் தீவைத் தாயகமாகக் கொண்ட அரௌகேரியா. இப்பூச்சிக்கு உணவும் பெரும்பாலும் அந்த இனத்து மரங்களே.

செதிற்பூச்சிகள் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன, எந்த மரத்தில் எது வாழும் என்பது பூச்சிக்குப் பூச்சி வேறுபடும். உங்கள் பூச்சி எரியோகொக்கிடே குடும்பம். மாப் பூசியதுபோல் தெரியும் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி சியூடோகொக்கிடே. தென்னோலையில் மஞ்சட் புள்ளி உண்டாக்கும் கவசச் செதில் டயஸ்பிடிடே. இப்போது தென்னைகளில் எல்லோரையும் அச்சுறுத்தும் வெள்ளை ஈயோ செதிற்பூச்சியே அன்று. கடைக்காரருக்கு வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றுதான், ஏனெனில் எல்லாவற்றுக்கும் அவர் ஒரே போத்தலை விற்கிறார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். ஊசியால் ஒரு வெள்ளைத் திரளை மெல்லப் பிரியுங்கள். உறையாக இல்லாமல், மாப் பூசிய உடலோடு பூச்சி வெளிப்படையாக ஊர்ந்து, ஓரங்களில் மெழுகிழைகளும் பின்புறத்தில் உடலளவு நீண்ட இரண்டு இழைகளும் காட்டினால், அது நீள்வால் வெண்மூட்டுப்பூச்சி. அது தோடை, மா, தென்னை உட்படப் பல பயிர்களில் வாழக்கூடியது, ஆகவே தொட்டியை வளவிலிருந்து உடனே தள்ளி வையுங்கள். நீண்ட வாலிழைகள் இல்லாமல் உடல் மஞ்சளாக இருந்தால், சிலவற்றை மருந்தகத்தில் வாங்கும் ஸ்பிரிட்டில் போட்டு இரண்டு நாள் வையுங்கள். 2008இல் இலங்கையில் அறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியானால், அது நீலக் கறுப்பாக மாறும். அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் மாறுவதுண்டு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

இனி அந்த மூன்று போத்தல்கள். ஒன்று பூச்சிக்கு, இரண்டாவது "கறுப்பு நோய்க்கு", மூன்றாவது "வளர்ச்சிக்கு" என்று சொல்லியிருப்பார். கறுப்பு என்பது பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம். பூச்சி போனால் அதுவும் கழுவுப்பட்டுவிடும், தனி மருந்து தேவையில்லை. தலைப்பை வெட்டச் சொன்னது அதைவிட மோசம்: அரௌகேரியாவின் நடுக்குருத்தை வெட்டினால் அந்தக் கோபுர வடிவம் பழையபடி வராது, பிறகு புதுக் கன்று விற்கவும் அவரே வருவார்.

மிகவும் பிடித்த பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி எரியுங்கள். மிகுதியைக் குழாய் நீரால் அழுத்தி அடித்துக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து மில்லிலீற்றர் மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து, வெயில் தணிந்த பின் இடுக்குகளெல்லாம் நனையத் தெளியுங்கள். உறைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடுவதால், வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். தொட்டியைச் சுற்றி எறும்புகள் ஏறவிடாதீர்கள். அவை இனிப்பு நீருக்காகப் பூச்சியைக் காத்துக்கொண்டிருக்கும்.

கட்டுநாயக்காவில் வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கிறார்கள். ஆனால் மலைநாட்டிலிருந்து லொறியில் ஏறி வன்னிக்கு வரும் அலங்காரச் செடியை யார் பார்க்கிறார்கள்? நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் உள்ள ஆலோசனை, வாசலில் வைக்கும் செடிக்கு இல்லை. கேட்டால் "அது பயிர் அல்லவே" என்ற பதில்தான் வரும். மாதிரியை அலுவலகத்துக்குக் கொண்டுபோவதானால், பூச்சியோடு கூடிய சிறு துண்டை ஸ்பிரிட் உள்ள குப்பியில் அடைத்துக் கொடுங்கள்; உயிருள்ள கிளையைப் பொலித்தீன் பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள்.