அப்பெண்டிக்ஸ்ல கீரிப்பூச்சி... ஆபரேஷன் வீணா போச்சா?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு 9 வயசு. போன மாசம் ஒருநாள் ராத்திரி வலதுபக்க அடிவயித்துல வலின்னு துடிச்சா, ரெண்டு தடவை வாந்தி வேற. ஸ்கேன் எடுத்துட்டு அப்பெண்டிக்ஸா இருக்கும்னு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இப்ப பயாப்சி ரிப்போர்ட்ல, குடல்வாலுக்குள்ள கீரிப்பூச்சி இருந்துச்சு, அழற்சி இல்லைன்னு எழுதியிருக்கு. ஒரு பூச்சி மாத்திரையில போயிருக்கும், அநியாயமா புள்ள வயித்தைக் கிழிச்சிட்டீங்கன்னு மாமியார் தினம் சொல்றாங்க. எனக்குத் தூக்கமே இல்ல.
- ஒரு வாசகி, கரூர்

பதில்: மனசைத் தேத்திக்குங்கம்மா, நீங்க தப்பு எதுவும் பண்ணல. கீரிப்பூச்சி குடியிருக்கிறதே பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துலதான், குடல்வாலும் அங்கேதான் தொங்குது, அதனால சுலபமா உள்ள புகுந்துடும். சில பேருக்கு அது நிஜமாவே அழற்சியில கொண்டுபோய் விடும், நிறைய பேருக்கு அழற்சி இல்லாமலேயே அச்சு அசலா அதே வலி வரும். வெளியிலேருந்து ரெண்டையும் பிரிச்சுப் பாக்குறது ரொம்ப கஷ்டம், பெண் பூச்சியே 1 சென்டிமீட்டர் சுமாருக்கு வெள்ளை நூல் மாதிரிதான் இருக்கும், ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. குடல்வாலை வெட்டுன இடத்துலேருந்து பூச்சி நெளிஞ்சு வெளிய வர்றதை நானே பாத்திருக்கேன், அந்த நிமிஷம் வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தருக்கும் அது பூச்சின்னு தெரியாது. மாத்திரையைக் குடுத்துட்டு வீட்ல காத்திருந்து, அது நிஜ அப்பெண்டிசைட்டிஸா, அதாவது குடல்வால் அழற்சியா இருந்திருந்தா, வெடிச்சு வயிறு பூரா சீழ் பரவியிருக்கலாம். அதனால மாமியார்கிட்ட பொறுமையா சொல்லுங்க, இந்த மாதிரி வலிக்கு விளக்கெண்ணெய் குடுத்து பேதிக்கு விடுறதும் கூடவே கூடாது.

எனக்குக் கவலை வேற ஒண்ணும்மா. ரிப்போர்ட் வந்தப்புறம் பூச்சி மாத்திரை சாப்பிட்டீங்களான்னு நீங்க எழுதவே இல்ல. குடல்வால்தான் போச்சு, குடல்ல இருக்குற பூச்சி அங்கேயேதான் இருக்கும். பெண் பூச்சி ராத்திரி ஆசனவாய்க்கு வந்து ஆயிரக்கணக்குல முட்டை போடும், அரிக்கும், புள்ள தூக்கத்துல சொறியும், முட்டை நகத்துக்குள்ள போயி அங்கேருந்து வாய்க்கு, பாய்க்கு, பக்கத்துல படுக்கிறவங்களுக்குன்னு பரவும். ஸ்வீட் தின்னதால வந்துச்சுன்னு புள்ளையைத் திட்டாதீங்க, அப்படியெல்லாம் வராது.

அதனால வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல அல்பெண்டசோல் 400 மி.கி. ஒண்ணு போடணும், மாமியாரும் சேத்துதான். 2 வயசுக்குக் கீழ குழந்தையோ, கர்ப்பமா இருக்கிறவங்களோ இருந்தா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. மாத்திரை பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை முழுசா அழிக்காது, அதனால 2 வாரம் கழிச்சு எல்லாரும் இன்னொரு தடவை போட்டே ஆகணும். ஸ்கூல்ல குடற்புழு நீக்க நாள்ல குடுக்குறதும் இதே மாத்திரைதான், ஆனா அங்க புள்ளைக்கு மட்டும் ஒண்ணு குடுக்குறாங்க, கீரிப்பூச்சிக்கு அது பத்தாது.

நகத்தை ஒட்ட வெட்டுங்க, காலையில எந்திரிச்சதும் புள்ளையைக் குளிப்பாட்டுங்க, ஜட்டி, பெட்ஷீட்டையெல்லாம் உதறாம அப்படியே சுருட்டி வெந்நீர்ல போடுங்க. மறுபடி அரிப்புன்னு சொன்னா மலப் பரிசோதனையில பெரும்பாலும் சிக்காது, விடிகாலையில கழுவுறதுக்கு முன்னாடி செல்லோ டேப்பை ஆசனவாய் ஓரத்துல ஒத்தி எடுத்து லேப்ல குடுத்தா முட்டை தெரியும். மொத மாத்திரை போடுற அன்னைக்கே காலண்டர்ல 14 நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டு வைங்க, அந்த ரெண்டாவது மாத்திரையைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.