ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரரை வண்டிகள் நெருங்கிக் கடக்கின்றனவா?

அப்படித்தான் கடக்கின்றன என்று ஒரு கருத்து உண்டு. இதன் பின்னணியில் இருப்பதை 'ஆபத்து ஈடுசெய்தல்' என்பார்கள். பாதுகாப்பு கூடியிருப்பதாக மனத்துக்குப் பட்டால், நம்மை அறியாமலே கவனம் தளர்வதுதான் அது. கூட்டத்தில் கைக்குழந்தையோடு வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுகிறோம். திடமாக நடப்பவரை உரசிக்கொண்டே போகிறோம். ஓட்டுநரும் ஹெல்மெட்டைப் பார்த்ததும், 'இவர் அனுபவசாலி, தடுமாறமாட்டார்' என்று கணித்துவிடக்கூடும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் இயன் வாக்கர் 2006இல் தன் சைக்கிளில் மீயொலி உணரி பொருத்தி, 2,300க்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்த இடைவெளியை அளந்தார். ஹெல்மெட் அணிந்தபோது அவை சராசரியாக 8.5 செ.மீ. நெருங்கி வந்தன. பெண்போலத் தெரிய நீண்ட கூந்தல் டோப்பா வைத்தபோதோ இன்னும் விலகிப் போயின! ஆனால் அதே தரவை 2013இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் அலசினார்கள். 1 மீட்டருக்குள் வரும், உண்மையில் அச்சுறுத்தும் கடப்புகளுக்கும் ஹெல்மெட்டுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. எனவே அந்த 8.5 செ.மீ.யை அளவுக்கு மீறிப் பெரிதாக்க வேண்டாம்.

ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரச் சோதனையில் அது தட்டையான பரப்பில் மோதுவது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில்தான். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பின்னுக்குச் சரிந்தால் நெற்றி திறந்துகிடக்கும். ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்றிவிடுங்கள், நசுங்கிய நுரை மீளாது.

'அப்படியானால் ஹெல்மெட் போடாததே பாதுகாப்பு' என்பது தவறான முடிவு: குழியிலோ மணலிலோ சறுக்கி விழும்போது பக்கத்தில் வண்டியே இருக்காது, தலை மட்டும் தரையில் மோதும்.